கோடிட்ட இடத்தில் என்ன கேட்கிறார்கள்?

தி.நகரில் ஜவுளிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் மேலே, இரண்டாவது மூன்றாவது மாடிகளில், வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. மயிலாப்பூர், அடையாறு பக்கம் போனால் ஜி.ஆர்.இ., கிளாட், ஐ.ஐ.எம். நுழைவுக்கான கேட் என்று தேர்வின் பெயர் மாறும். ஆனால் சேர்ந்த அன்று கையில் கொடுக்கும் ஆங்கிலப் புத்தகம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தொடக்கத்திலேயே பக்கம் பக்கமாக வேர்டு லிஸ்ட். எதிரே தமிழ்ப் பொருள், பக்கத்தில் சினானிம், ஆன்டனிம். மாணவர்கள் 'ஃபில்லர்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்லும் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகளுக்கு இந்தப் பட்டியலை உருப்போடுவதே வழி என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்தக் கேள்வி எங்கே பிறந்தது, எதை அளக்கிறது, இன்றைய தேர்வுகளில் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. சொல்லுக்குப் பொருள் தெரியாமல் விடுகிற மதிப்பெண்ணைவிட, வாக்கியத்தை முழுதாகப் படிக்காமல் விடுகிற மதிப்பெண்ணே அதிகம் என்பது என் கருத்து.

மயிலாப்பூருக்கும் வங்கி உத்தியோகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஊர்ப்பணம் முழுகியபின், மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உருவாக்கியதுதான் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி. அதுவும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இன்றும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. ஆனால் அந்த வங்கிகளில் அதிகாரியாக நுழைய 2011 முதல் ஐ.பி.பி.எஸ். நடத்தும் அகில இந்தியப் பொதுத் தேர்வை எழுதியாக வேண்டும். பி.ஓ. பிரிலிம்ஸில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு 40 விநாடி. மற்ற இரண்டு பகுதிகளில் எவ்வளவு எடுத்தாலும் ஆங்கிலத்துக்கென்று தனிக் கட் ஆஃப் உண்டு. அதைத் தாண்டாவிட்டால் கணக்கில் புலியாக இருந்தும் பயனில்லை. எஸ்.எஸ்.சி.யின் சி.ஜி.எல். தேர்வில் முதல் கட்டத்தில் 25 ஆங்கிலக் கேள்விகள், இரண்டாம் கட்டத்தில் 45. யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் 300 மதிப்பெண்ணுக்கான கட்டாய ஆங்கிலத் தாள் இருக்கிறது. அதில் 25 சதவீதம் எடுத்தால் போதும். எடுக்காவிட்டால் மற்ற தாள்களின் மதிப்பெண் கணக்கில் சேராது. இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் கோடிட்ட இடம் வரும்: தனி வாக்கியமாக, ஒரு பத்தியில் ஐந்தாறு சொற்களை எடுத்துவிட்ட குளோஸ் டெஸ்ட்டாக, இரண்டு வாக்கியங்களுக்கும் பொருந்தும் ஒரே சொல்லைக் கேட்பதாக.

மாநிலத் தேர்வுகள் வேறு பாதையில் போய்விட்டன. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் பொது ஆங்கிலம் இல்லை. தமிழ்த் தகுதிப் பகுதி கட்டாயம். மத்திய அரசுத் தேர்வுகளிலும் 2023 முதல் எஸ்.எஸ்.சி.யின் எம்.டி.எஸ்., சி.எச்.எஸ்.எல். போன்றவற்றைத் தமிழில் எழுதலாம். வரவேற்க வேண்டிய மாற்றம். இருந்தாலும், கணக்கும் பொது அறிவும் தமிழில் வந்தாலும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவே இருக்கும். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு மற்ற சுவர்கள் தாழ்ந்துவிட்டன, இந்த ஒரு சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் இந்தக் கேள்வி முன்பைவிட இப்போது முக்கியமாகிறது.

இது ஆங்கிலத்துக்கென்று பிறந்த கேள்வியும் அல்ல. 1890-களில் ஜெர்மனியின் பிரெஸ்லவ் நகரப் பள்ளி நிர்வாகம், நீண்ட பள்ளி நேரம் குழந்தைகளைக் களைப்படையச் செய்கிறதா என்று அறிய விரும்பியது. நினைவாற்றல் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ஹெர்மன் எபிங்ஹவுஸ் அதற்காகச் சொற்களையும் அசைகளையும் விட்டுவிட்டு ஒரு பத்தியை அச்சிட்டு நிரப்பச் சொன்னார். 1897-ல் முடிவை வெளியிட்டார். சிதறிக் கிடப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பொருள் காணும் திறனே அறிவின் அடையாளம் என்பது அவர் எண்ணம். அதன்பின் 1953-ல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் பத்தியில் ஐந்தாவது சொல், பத்தாவது சொல் என்று கணக்காக நீக்கி, எத்தனை பேர் சரியாக நிரப்புகிறார்கள் என்பதை வைத்து அந்த எழுத்து எவ்வளவு எளிது என்று அளந்தார். அவர் அளக்க நினைத்தது எழுத்தை, வாசகரை அல்ல. 'குளோஸ்' என்ற பெயர் அவர் வைத்தது.

பிறகுதான் அது வாசகரை அளக்கும் கோலானது. 1970-களில் ஜான் ஆலர் போன்றவர்கள் ஒரு குளோஸ் டெஸ்ட்டே ஒருவரின் மொத்த மொழித்திறனையும் காட்டிவிடும் என்று வாதாடினார்கள். 1979-ல் சார்ல்ஸ் ஆல்டர்சன் இதை மறுத்தார்: எத்தனையாவது சொல்லை நீக்குகிறோம் என்பதை மாற்றினாலே தேர்வு அளப்பது மாறிவிடுகிறது என்று காட்டினார். 1982-ல் ஷானகன் குழுவினர் இன்னும் கூர்மையாக ஒன்று செய்தார்கள். பத்தியின் வாக்கியங்களை முன்பின்னாகக் கலைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மதிப்பெண்கள் அதிகம் மாறவில்லை. அதாவது, கோட்டை நிரப்புகிறவர் பத்தியின் மொத்தக் கருத்தைவிட அந்த ஒரு வாக்கியத்துக்குள் உள்ள கட்டுமானத்தையே நம்பி நிரப்புகிறார். இந்த முடிவை ஆராய்ச்சியாளர்கள் தேர்வின் குறையாகப் பார்த்தார்கள். தேர்வு எழுதும் பிள்ளைக்கு இதுவே நல்ல செய்தி. விடைக்கான தடயம் பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே கிடக்கிறது. வெளியே தேட வேண்டியதில்லை.

அப்படியானால் வேர்டு லிஸ்ட் வழக்கம் எங்கிருந்து வந்தது? சென்னையைப் பொறுத்தவரை அமெரிக்கக் கனவிலிருந்து வந்தது என்று சொல்லலாம். ஐ.ஐ.டி.யிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்து மேற்படிப்புக்குப் போனவர்கள் ஜி.ஆர்.இ. எழுதினார்கள். அன்றைய ஜி.ஆர்.இ.யில் ஆன்டனிம், அனாலஜி என்று ஒற்றைச் சொல்லை நிறுத்திக் கேட்கும் கேள்விகள் இருந்தன. அவற்றுக்குப் பட்டியல் உதவியது. பாரன்ஸ் கையேட்டின் 3,500 சொற்கள் ஒரு தலைமுறைக்கே வேதமாயின. லஸ் பக்கத்து நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அந்தக் கையேட்டின் பிரதி ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ஏ, பி, சி வரை ஒவ்வொரு சொல்லின் அடியிலும் பென்சில் கோடு, ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழ்ப் பொருள். எம் தாண்டியபின் பக்கங்கள் மடங்காமல் புதிதாகவே இருக்கும்.

அந்தத் தேர்வே மாறிவிட்டது. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. 1994-ல் ஆன்டனிமையும் 2005-ல் அனாலஜியையும் கைவிட்டது. 2016-ல் தனி வாக்கியக் கோடிட்ட கேள்விகளையும் நீக்கியது. ஜி.ஆர்.இ. 2011 ஆகஸ்டில் ஆன்டனிம், அனாலஜி இரண்டையும் தூக்கிவிட்டு, ஒற்றைச் சொல்லைக் கேட்பதை நிறுத்தியது. கோடிட்ட கேள்விகளாக இப்போது அங்கே உள்ளவை ஒன்று முதல் மூன்று கோடுகள் கொண்ட பத்திகளும், ஆறு சொற்களில் ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வாக்கியங்களும்தான். மூன்று கோட்டில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் பூஜ்யம். கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் குறித்தால் சரியாக வர 27-ல் ஒரு வாய்ப்பு; ஆறில் இரண்டு கேள்விக்கு 15-ல் ஒரு வாய்ப்பு. தேர்வு நடத்துபவர்கள் சொல்லிலிருந்து வாக்கியத்துக்கு நகர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பயிற்சிப் புத்தகங்கள் இன்னும் நகரவில்லை.

இப்படிப்பட்ட கேள்வி எப்படிக் கட்டப்படுகிறது என்று ஒன்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கலாம். வங்கித் தேர்வின் தரத்தில் நானே அமைத்த வாக்கியம் இது: "ஆல்தோ த கமிட்டி வாஸ் கிவன் சிக்ஸ் மந்த்ஸ், இட்ஸ் ரிப்போர்ட் வாஸ் ஸோ ____ தட் ஈவன் இட்ஸ் ஓன் மெம்பர்ஸ் ஆஸ்க்டு ஃபார் அ செகண்ட் ஒன்." ஆப்ஷன்கள் ஐந்து: லெங்தி, பாப்புலர், டிலேய்டு, தரோ, கர்சரி.

லெங்தி ரிப்போர்ட் என்று நாளிதழில் அடிக்கடி படித்திருப்போம். காதுக்குப் பழகிய ஜோடி. கோட்டுக்குப் பக்கத்துச் சொல்லை மட்டும் பார்ப்பவர் அதில் விழுவார். டிலேய்டு என்பது வாக்கியத்தின் முதல் பாதிக்கு அழகாகப் பொருந்தும்: ஆறு மாதம் கொடுத்தும் தாமதம். ஆனால் தாமதமான அறிக்கைக்காக யாரும் இன்னொரு அறிக்கை கேட்கமாட்டார்கள். பாப்புலர் இரண்டாம் பாதிக்கு மட்டும் பொருந்தும்: அவ்வளவு பிடித்துப்போனதால் இன்னொன்று கேட்டார்கள். அப்படியென்றால் தொடக்கத்தில் ஆல்தோவுக்கு வேலையே இல்லை. தரோ என்பது ஆறு மாத அவகாசத்தைப் பார்த்தவுடன் மனத்தில் எழும் சொல். ஆல்தோ அதைத்தான் தடுக்கிறது. மிஞ்சுவது கர்சரி. மேலோட்டமான, அவசரத்தில் முடித்த என்று பொருள். இந்தச் சொல்லை இதற்குமுன் கண்ணாலும் பார்க்காத மாணவிகூட மற்ற நான்கையும் காரணத்தோடு தள்ளிவிட்டு இதில் வந்து நிற்க முடியும்.

நான்கு தவறான விடைகளும் நான்கு வகையான அரைகுறை வாசிப்புக்கு வைத்த பொறிகள். நல்ல கேள்வியில் உழைப்பெல்லாம் அங்கேதான் போகிறது. அதனால்தான் விடைக்குறிப்பில் "ஐந்தாவது ஆப்ஷன் சரி, கர்சரி என்றால் மேலோட்டமான" என்று ஒரே வரியில் முடிக்கும் வகுப்புகள் எனக்கு வருத்தம் தருகின்றன. மாணவர் அங்கிருந்து ஒரு சொல்லோடு வெளியே வருகிறார். நான்கு பொறிகளைப் பார்க்கவேயில்லை.

தமிழ்வழி மாணவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. அதே வாக்கியத்தைத் தமிழில் கொடுத்துப் பாருங்கள்: "ஆறு மாத அவகாசம் கொடுத்தும், உறுப்பினர்களே இன்னொன்று கேட்கும் அளவுக்கு அந்த அறிக்கை ____ இருந்தது." திண்டிவனத்திலிருந்து வந்த பிள்ளையும் தென்காசியிலிருந்து வந்த பிள்ளையும் யோசிக்காமல் 'அரைகுறையாக' என்பார்கள். 'கொடுத்தும்' என்பதில் உள்ள உம் என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆல்தோ, டிஸ்பைட், அன்லெஸ், ஹவெவர், தேர்ஃபோர் என்று ஆங்கிலத்தில் வாக்கியத்தின் திசையைத் திருப்பும் சொற்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றின் வேலையைத் தமிழ் வாக்கியங்களை வைத்தே ஒரு வாரத்தில் பிடிபட வைத்துவிடலாம். அதைச் செய்யாமல் தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, "ஆங்கிலத்திலேயே யோசி" என்று சொல்வது அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள பலத்தைப் பிடுங்கிக்கொள்வதாகும்.

இந்த வழி செல்லுபடியாகாத இன்னொரு வகை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிப்போசிஷனும், எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற வழக்கும் தர்க்கத்துக்குள் அடங்காதவை. கம்ப்ளை என்றால் வித், அபைட் என்றால் பை. இதற்கு ஏன் என்று கேட்டால் விடையில்லை. இங்கே தமிழ் காலை வாரும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று நமக்கு வழக்கமாக இருப்பதால் டிஸ்கஸுக்குப் பின்னால் அபவுட் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது பிழை. இவற்றுக்குக் காதுதான் நீதிபதி. அந்தக் காது எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. தாத்தா காலத்திலிருந்து காலையில் ஆங்கிலச் செய்தித்தாள் வந்து விழும் மயிலாப்பூர், அடையாறு வீட்டுப் பிள்ளை, விதி தெரியாமலேயே சரியாகக் குறித்துவிட்டு, "அப்படித்தானே சொல்லுவாங்க" என்று எழுந்து போய்விடும். பக்கத்து நாற்காலியில் மேன்ஷன் அறையிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பவர், ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்தை மூன்று முறை முடித்தவராக இருந்தாலும், அதே கேள்வியில் தடுமாறுவார். இருவருக்கும் அறிவில் வித்தியாசம் இல்லை. படித்த பக்கங்களின் எண்ணிக்கையில்தான் வித்தியாசம்.

பக்கங்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று கிடைத்திருக்கிறது. 2018-ல் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் பெர்ட் என்ற மொழி மாதிரியை உருவாக்கியபோது கணினிக்கு இலக்கணம் எதையும் சொல்லித்தரவில்லை. கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட நூல்களையும் விக்கிப்பீடியாவையும் கொடுத்து, அதில் 15 சதவீதச் சொற்களை மறைத்து, கண்டுபிடி என்றார்கள். டெய்லரின் 1953 கட்டுரையை அவர்களே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். கணினி மொழியைப் பிடித்துக்கொண்டது கோடிட்ட இடங்களை நிரப்பி நிரப்பித்தான். பட்டியல் படித்து அல்ல.

மனிதருக்குக் கோடிக்கணக்கான சொற்கள் தேவையில்லை. ஆனால் ஒரு கணிசமான வாசிப்பு தேவை. ஆங்கில நாவலையோ நாளிதழையோ துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார். பக்கத்தில் நூற்றுக்கு 98 சொல் தெரிந்தால்தான் மீதியை ஊகிக்க முடியும் என்பது அதன் அடிப்படை. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், "தினமும் தி ஹிண்டு தலையங்கம் படி" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் அறிவுரை தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தீங்காகவே முடிகிறது. வரிக்கு இரண்டு சொல் தெரியாத பக்கத்தில் ஊகம் வேலை செய்யாது. மறுபடியும் பட்டியல் எழுதுவதில்தான் போய் முடியும். அவருக்குத் தேவை, ஏறத்தாழ எல்லாச் சொல்லும் தெரிந்த, ஆனால் நிறையப் பக்கங்கள் கொண்ட புத்தகம்.

அது கோட்டூர்புரத்திலேயே இலவசமாக இருக்கிறது. 2010 செப்டம்பர் 15-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதி, போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களால் காலையிலேயே நிரம்பிவிடுகிறது. அதே கட்டடத்தில் குழந்தைகளுக்கென்று பெரிய பிரிவு ஒன்று இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஆங்கிலக் கதைகளும் அறிவியல் நூல்களும் வரிசை வரிசையாக இருக்கின்றன. இருபத்து மூன்று வயதில் அவற்றை எடுத்துப் படிக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கம்ப்ளை வித், அகஸ்டம்டு டு, ஆன் பிஹாஃப் ஆஃப் எல்லாம் அந்தப் புத்தகங்களில் நூறு தடவை வந்து கண்ணில் படும். பட்டியலில் ஒரே ஒரு தடவைதான் வரும். மூன்று மாதம் அப்படிப் படித்துவிட்டு நாளிதழின் வணிகப் பக்கச் செய்திக்கு வரலாம். வங்கித் தேர்வுப் பத்திகளின் நடைக்கு அது தலையங்கத்தைவிட நெருக்கமானது.

நெகடிவ் மார்க் பற்றிய பயத்தையும் கணக்குப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். ஐந்து ஆப்ஷன், தவறுக்குக் கால் மதிப்பெண் என்ற வங்கித் தேர்வில் கண்ணை மூடிக் குறித்தால் சராசரி லாபம் சரியாகப் பூஜ்யம். ஒரே ஒரு ஆப்ஷனைக் காரணத்தோடு நீக்கிவிட்டால்கூட லாபப் பக்கம் சாய்ந்துவிடும். சி.ஜி.எல். முதல் கட்டத்தில் நான்கு ஆப்ஷன், சரிக்கு 2, தவறுக்கு அரை. அங்கே எதையும் நீக்காமல் குறித்தாலே சராசரியாகச் சிறிது லாபம். இரண்டாம் கட்டத்தில் சரிக்கு 3, தவறுக்கு 1 என்பதால் மீண்டும் பூஜ்யம். ஜி.ஆர்.இ.யில் தவறுக்குக் கழிப்பதே இல்லை. ஒன்றையும் விடாமல் குறிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல், இரண்டு ஆப்ஷன்களை நீக்கிய பிறகும் பயத்தில் விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கையில் வந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்றே சொல்வேன்.

பள்ளியிலும் கோடிட்ட இடம் உண்டே, பன்னிரண்டு ஆண்டு நிரப்பிய பிள்ளை ஏன் தடுமாற வேண்டும் என்று கேட்கலாம். பள்ளிக் கேள்வித்தாளில் தலைப்பே விடையைப் பாதி சொல்லிவிடும்: பொருத்தமான ஆர்ட்டிக்கிளை எழுதுக, பிரிப்போசிஷனை எழுதுக, அடைப்புக்குள் உள்ள வினைச்சொல்லைச் சரியான காலத்தில் எழுதுக. எந்த வகைச் சொல் விட்டுப்போயிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. போட்டித் தேர்வில் அந்தத் தலைப்பு கிடையாது. காலியாக இருப்பது இலக்கணமா, பொருளா, வழக்கா என்று முதலில் தானே கண்டுபிடிக்க வேண்டும். 40 விநாடியில் முதல் பத்து விநாடி அதற்குத்தான். ஆப்ஷன்கள் ஒரே வேர்ச்சொல்லின் வெவ்வேறு வடிவங்களாக இருந்தால் இலக்கணம், சின்னஞ்சிறு சொற்களாக இருந்தால் வழக்கு, ஒன்றுக்கொன்று எதிரான பெயரடைகளாக இருந்தால் பொருள் என்று ஆப்ஷன் வரிசையைப் பார்த்தே வகையை அறியலாம். பதினொன்றாம் வகுப்பிலேயே மாதம் ஒருமுறை தலைப்பில்லாத கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தால் இந்தப் பழக்கம் வந்துவிடும். செலவில்லாத சீர்திருத்தம் இது.

மீதமிருப்பது கேள்வித்தாள் பிரச்சினை. என் பார்வையில் இதுவே ஆகப் பெரியது. ஐ.பி.பி.எஸ். தன் கேள்வித்தாள்களை வெளியிடுவதில்லை. தேர்வு முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்த 'மெமரி பேஸ்டு' தாள்கள்தான் கடைகளிலும் செயலிகளிலும் புழங்குகின்றன. வெளியே வருகிற மாணவருக்கு வாக்கியம் அரைகுறையாகவும், சரியான விடை ஓரளவும் நினைவிருக்கும். தவறான நான்கு ஆப்ஷன்கள் நினைவிருக்காது. அவற்றை யாரோ அவசரத்தில் இட்டுக்கட்டுகிறார்கள். பொறிகள் எல்லாம் காணாமல்போய், சொல் தெரிந்தால் விடை தெரியும் என்ற அளவுக்குக் கேள்வி தட்டையாகிவிடுகிறது. அதை வைத்து ஆயிரம் மாக் டெஸ்ட் எழுதியவர், உண்மையான தாளைப் பார்த்ததும் திகைப்பதில் ஆச்சரியம் இல்லை. நந்தனம் அரசு கலைக் கல்லூரியிலும் பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலும் அரசே இலவசப் பயிற்சி மையங்கள் நடத்துகிறது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தருகிறது. இந்த இரண்டுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு தவறான ஆப்ஷனும் ஏன் தவறு என்று தமிழில் விளக்கம் எழுதிய கேள்வித் தொகுப்பு ஒன்றைத் தயாரித்துப் பொதுவில் வையுங்கள். அது வரும்வரை, யு.பி.எஸ்.சி. தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் சி.டி.எஸ். தேர்வின் பழைய ஆங்கிலத் தாள்கள் இருக்கின்றன. ஒரு தாளுக்கு 120 கேள்விகள். ஆப்ஷன்கள் தேர்வில் வந்தபடியே அச்சாகியிருக்கின்றன. நாளொன்றுக்குப் பத்துக் கேள்வி எடுத்து, சரியான விடையைக் குறித்தபின், தள்ளிய ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஏன் தள்ளினோம் என்று தமிழிலேயே ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தால், பன்னிரண்டு நாளில் ஒரு தாள் முடியும்.